மாருதி 800 இன்ஜின் வேலை: கம்மி காசுல எங்க கை வைக்கலாம், எங்க வைக்கக்கூடாது

யாராவது 800க்கு இன்ஜின் வேலை பாக்கணும்னு வந்தா நான் முதல்ல கேக்குறது, நிஜமாவே இறக்கணுமான்னு தான். 796 சிசி, மூணு சிலிண்டர், பிரிக்க சுலபமான இன்ஜின், ஆனா புகை வந்தாலே "போர் போச்சு"ன்னு (போர்னா பிஸ்டன் ஓடுற சிலிண்டர் துளை) மொத்தமா பிரிச்சுப் போடுற ஆளுங்க நிறைய. காலைல ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் நீலப்புகை குப்புனு வந்து நின்னுட்டா பெரும்பாலும் வால்வு சீல் தான். ஆக்சிலரேட்டர் மிதிக்க மிதிக்க வந்துட்டே இருந்தா பிஸ்டன் ரிங்கை சந்தேகப்படலாம்.

கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டர் உள்ள அழுத்தத்தை அளக்குற மீட்டர்) இரவல் வாங்குங்க. இன்ஜின் சூடா இருக்கணும், மூணு பிளக்கையும் கழட்டி, ஆக்சிலரேட்டரை முழுசா மிதிச்சுட்டு செல்ஃப் அடிச்சு ஒவ்வொண்ணா ரீடிங் எழுதிக்கோங்க. கம்மியா காட்டுற சிலிண்டர்ல ஒரு ஸ்பூன் ஆயில் ஊத்தி மறுபடி பாருங்க, ரீடிங் ஏறினா ரிங் இல்ல போர், ஏறலேன்னா வால்வு இல்ல ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்குற பேக்கிங்). கையோட ஆர்சியையும் எடுத்துப் பாருங்க, 15 வருஷம் முடியப்போற வண்டின்னா புதுப்பிக்கிற செலவையும் சேத்து கணக்குப் போட்டுட்டு அப்புறம் ஸ்பேனரைத் தொடுங்க.

கழட்டுறது, கழுவுறது ரெண்டும் நீங்களே பண்ணலாம், கூலி நல்லா மிச்சமாகும். கன்ராடு (பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கிற தண்டு) கேப்பெல்லாம் கழட்டுறதுக்கு முன்னாடி பஞ்ச் வச்சு 1, 2, 3ன்னு அடையாளம் குத்திடுங்க, ஒண்ணோட கேப் இன்னொண்ணுக்கு மாறவே கூடாது. சிலிண்டர் வாய்ல நகத்தை வச்சு மேலிருந்து கீழ இழுத்துப் பாருங்க, படி மாதிரி தட்டுச்சுன்னா தேய்மானம் இருக்குன்னு அர்த்தம், ஆனா எவ்வளவுன்னு போர் கேஜ் வச்சு லேத்து பட்டறைல தான் சொல்ல முடியும்.

இங்கதான் நிறைய பேரு காசை விடுறாங்க. அளவு எடுக்காம ஸ்பேர் வாங்காதீங்க. ஸ்டாண்டர்டு போர் 68.5 மில்லிமீட்டர், தேய்மானம் லிமிட்டுக்குள்ள இருந்தா ஹோனிங் (போர் சுவரை லேசா கீறி சொரசொரப்பாக்குறது) போட்டு புது ரிங் மட்டும் போதும் (ஹோனிங் இல்லாம பளபளன்னு இருக்குற போர்ல புது ரிங் போட்டா அது உக்காராது, ஆயில் திங்கும்). லிமிட் தாண்டிருந்தா 0.25 இல்ல 0.50 மில்லிமீட்டர் ஓவர்சைஸ், அதாவது போரை அவ்வளவு பெருசாக்கி அதுக்கேத்த பிஸ்டன். அப்பவும் பிஸ்டனை வாங்கி பிளாக்கோட சேத்து லேத்துல குடுங்க, பிஸ்டனை அளந்து தான் போர் அடிக்கணும், முதல்லயே அடிச்சு வச்சுட்டு அப்புறம் பிஸ்டன் தேடினா கிளியரன்ஸ் எப்படி வரும் சொல்லுங்க. கிராங்கும் அப்படித்தான், ஜர்னல் (பேரிங் உக்காருற இடம்) அளவுல நின்னா பாலிஷ் மட்டும் போதும்.

ஹெட்டுல வால்வை நீங்களே கிரைண்டிங் பேஸ்ட் போட்டு தேய்க்கலாம், அப்புறம் போர்ட்ல பெட்ரோல் ஊத்தி கொஞ்ச நேரம் வைங்க, கசியலேன்னா சரி. ஹெட் வளைஞ்சிருக்கான்னு ஸ்டீல் ஸ்கேலும் ஃபீலர் கேஜும் வச்சுப் பாருங்க, 0.05 மில்லிமீட்டர் உள்ள போச்சுன்னா ஃபேசிங் (ஹெட் முகத்தை சமமா சீவுறது).

கேம், கன்ராடு, ஆயில் பம்பு எல்லாம் அளவு சரியா இருந்தா பழசே ஓடட்டும். ரிங், பேரிங், கேஸ்கெட் செட், ஆயில் சீல், டைமிங் பெல்ட்டுல மட்டும் மிச்சம் பிடிக்காதீங்க, டூப்ளிகேட் ரொம்ப ஓடுது, அதனால பில்லோட வாங்குங்க. புதுப்பேட்டைல பழைய இன்ஜினே வாங்கிப் போட்டுடலாம்னு தோணும், தப்பில்ல, ஆனா இன்ஜின் நம்பர் மாறும், ஆர்டிஓல ஆர்சில ஏத்தணும், அதுக்கு பேப்பர் குடுக்காத கடைல வாங்கவே வேணாம்.

மாட்டும்போது ரிங்குல எழுத்து இருக்குற பக்கம் மேல, ரிங் வாயெல்லாம் (ரிங்கோட வெட்டு இடைவெளி) ஒரே கோட்டுல வராம பிரிச்சு வைங்க, பிஸ்டன் அம்புக்குறி புல்லி பக்கம். ஹெட் போல்ட்டை நடுவுல ஆரம்பிச்சு வெளிய போற மாதிரி ரெண்டு மூணு தடவையா டார்க் ரெஞ்சுல முறுக்குங்க, கை அளவெல்லாம் இங்க வேணாம்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னாடி பிளக்கெல்லாம் கழட்டிட்டு ஆயில் லைட் அணையுற வரைக்கும் விட்டு விட்டு செல்ஃப் அடிங்க. மினரல் ஆயிலே போதும், ரொம்ப நேரம் ஐடில்ல விடாதீங்க, ஒரே வேகத்துலயும் ஓட்டாதீங்க. 500 கிலோமீட்டர்ல ஆயிலையும் ஃபில்டரையும் மாத்திடுங்க. வடிச்ச ஆயில்ல நைசா மினுமினுப்பு இருந்தா ரிங் உக்காருது, பயமில்ல, செதில் செதிலா வந்தா பேரிங் தான், வண்டியை அப்படியே நிறுத்திட்டு சம்ப்பை (அடியில இருக்குற ஆயில் தொட்டி) கழட்டுங்க.