வீடு மாறும் முன் பேட்டையை நடந்து பார்ப்பது எப்படி? (திருவல்லிக்கேணியை வைத்து ஒரு செய்முறை)

ஆறு வருஷம் திருவல்லிக்கேணி மேன்ஷன் வாசம். அடுத்த மாதம் கோவைக்கு ஜாகை. பெட்டி கட்ட உட்கார்ந்தபோதுதான் உறைத்தது: இத்தனை வருஷமும் நான் நடந்தது ஒரே கோட்டில். மேன்ஷன், மெஸ், பஸ் ஸ்டாப். மறுபடி பஸ் ஸ்டாப், மெஸ், மேன்ஷன். உங்களுக்கும் இதே கதைதான் என்றால், காலி செய்வதற்கு முன் இரண்டு நாள் ஒதுக்குங்கள்.

1. முதலில் தாள், அப்புறம் செருப்பு

மொபைல் வரைபடத்தைத் திறக்காதீர்கள். ஒரு தாளில், ஞாபகத்திலிருந்து, தினமும் போகும் வழியைப் பேனாவால் வரையுங்கள். பிறகு உண்மையான வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். உங்கள் கோடு தொடாத தெருக்கள்தான் இனி உங்கள் பாதை. என் தாளில் கோயில் குளத்தின் ஒரு கரை மட்டும் இருந்தது. மற்ற மூன்று கரைகளும் இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

2. நேரத்தைப் பாருங்கள்

முதல் நாள் பதினொன்றரைக்குக் கிளம்பினேன். கோயிலுக்குப் போய்ச் சேர்வதற்குள் நடை சாத்திவிட்டார்கள். போதாததற்குச் செருப்பு வார் வேறு அறுந்தது. சித்திரை வெயிலில், தார் ரோட்டில், ஒற்றைச் செருப்போடு. காலை ஆறு மணிக்குக் கிளம்புங்கள், பத்துக்குள் முடித்துவிடுங்கள். மிச்சத்தை மாலை நாலரைக்கு மேல் வைத்துக்கொள்ளலாம். தண்ணீர் பாட்டில், சில்லறை, பழைய செருப்பு (புதியது கடிக்கும்). இவ்வளவு போதும்.

3. நடுவிலிருந்து தொடங்குங்கள்

எந்தப் பழைய பேட்டைக்கும் ஒரு நடு இருக்கும். இங்கே பார்த்தசாரதி கோயில். பல்லவர் காலக் கல்வெட்டு உள்ள கோயில் இது. ஊர்ப் பெயரிலேயே குளம் இருக்கிறது: அல்லிக்கேணி.

உள்ளே போனால் அவசரப்படாதீர்கள். மூலவருக்கு மீசை உண்டு. தேரோட்டியாக நிற்பதால் கையில் சக்கரம் கிடையாது, சங்கு மட்டும்தான். உற்சவர் முகத்தில் இருக்கும் வடுக்கள் பீஷ்மரின் அம்பு பட்டவை என்பார்கள். கிழக்கே பார்த்தசாரதிக்கு ஒரு வாசல், மேற்கே நரசிம்மருக்கு ஒரு வாசல். கிழக்கு வழியாகப் போய்விட்டு அதன் வழியாகவே திரும்பிவிடுவதுதான் நாம் எல்லோரும் செய்யும் தப்பு. சுற்றிக்கொண்டு பின்பக்கம் போங்கள்.

அங்கே துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் பாரதியார் கடைசியாக வாழ்ந்த வீடு, இப்போது நினைவு இல்லம். 1921-இல் இந்தக் கோயில் யானைதான் அவரைத் தள்ளியது. அடிபட்டுத் தேறியவர், அதே ஆண்டு செப்டம்பரில் வயிற்றுக் கோளாறால் இறந்தார். யானை தள்ளிய கதையைப் பள்ளியிலேயே படித்திருந்தேன். கோயிலிலிருந்து வீடு இத்தனை கிட்டத்தில் என்பது நடந்த அன்றுதான் தெரிந்தது. தினமும் பழம் கொடுக்கும் யானை, பக்கத்துத் தெருக்காரர். அந்தத் தூரத்தைக் காலால் அளந்த பிறகு, கதை வேறு மாதிரி கேட்கிறது.

4. பக்கத்து வாசலையும் எட்டிப் பாருங்கள்

திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் வாலாஜா பெரிய பள்ளிவாசல். ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜா குடும்பத்தார் 1795-இல் கட்டியது. சாம்பல் நிறக் கல், முன்னால் பரந்த வெளி. கட்டிய ஆண்டைக் குறிக்கும் பாரசீக வரிகளை எழுதியவர் நவாபிடம் வேலை பார்த்த ஓர் இந்து முன்ஷி என்பார்கள். தொழுகை நேரத்தில் படம் எடுக்க நிற்காதீர்கள். வெள்ளிக்கிழமை மதியம் அந்தப் பக்கம் நடக்கவே இடமிருக்காது.

அதே சாலையில் ரத்னா கபே. இட்லியை மூழ்கடிக்கும் அளவுக்குச் சாம்பார் ஊற்றுவார்கள். இரண்டு இட்லிக்கு மேல் வேண்டாம், நடக்க வேண்டியது பாக்கி இருக்கிறது.

5. கடற்கரை

காமராஜர் சாலையில் ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டிகளைச் சேமிக்க 1842-இல் கட்டியது. 1897-இல் விவேகானந்தர் தங்கியதால் இன்று விவேகானந்தர் இல்லம். பாரதி சாலை வழியாகத் திரும்புங்கள். நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளில் ஒன்றுக்கு மேல் வாங்காதீர்கள், மூட்டை ஏற்கெனவே கனம்.

6. பேச்சு கொடுங்கள்

"இங்க என்ன விசேஷம்?" என்று கேட்டால் யாருக்கும் பதில் வராது. "இந்தக் கடைக்கு முன்னாடி இங்க என்னண்ணே இருந்துச்சு?" என்று கேளுங்கள். எங்கள் தெரு இஸ்திரி அண்ணன், கரிப்பெட்டியைச் சட்டைக் காலரில் அழுத்தியபடியே, நாலு கட்டடங்களின் ஜாதகத்தைச் சொன்னார். பக்கத்து மேன்ஷன் இருக்கும் இடத்தில் மாட்டுக்கொட்டகை இருந்ததாம். அவரிடம் ஆறு வருஷம் துணி போட்டிருக்கிறேன். "எத்தனை உருப்படி?" என்பதைத் தாண்டி நாங்கள் பேசியதில்லை.

7. பாக்கியைத் தீருங்கள்

கடைசிச் சுற்றை டீக்கடையில் முடியுங்கள். கணக்கு நோட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். என் பக்கத்தில் பெயரே இல்லை, "3வது மாடி கண்ணாடி" என்று எழுதியிருந்தது. பாக்கி 84 ரூபாய். நூறு ரூபாயை நீட்டி, மிச்சத்துக்கு இரண்டு பட்டர் பிஸ்கட் வாங்கிக்கொண்டேன். டீக்கடை அண்ணன் அந்தப் பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டார்.