எண்டோஸ்கோப்பிக்கு மயக்க ஊசி பயமா? ஸ்ப்ரே கேளுங்கள்

தஞ்சாவூருக்கு எண்டோஸ்கோப்பி (வாய்வழியாகக் குழாய் விட்டு வயிற்றைப் பார்க்கும் பரிசோதனை) பார்க்கப் போகிறீர்கள், மயக்க ஊசி என்றாலே பயம் என்றால், "தொண்டைக்கு ஸ்ப்ரே மட்டும் அடித்துப் பார்க்கலாமா டாக்டர்?" என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். லிக்னோகெய்ன் ஸ்ப்ரே தொண்டையை மட்டும்தான் மரத்துப்போக வைக்கும், நினைவு தப்பாது. பரிசோதனையும் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். குமட்டும்தான், எச்சிலை விழுங்காமல் வழியவிட்டு, மூக்கால் நிதானமாக மூச்சு விடுங்கள், சமாளித்துவிடலாம். மயக்க ஊசி போட்டால் 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது, துணைக்கு ஆளும் வேண்டும். ஸ்ப்ரே என்றால் மன்னார்குடி பஸ்ஸைப் பிடித்துத் தனியாகவே வீடு திரும்பலாம். மரப்பு போகும்வரை, சுமார் ஒரு மணி நேரம், காபிகூட வேண்டாம்; புரையேறும்.

சின்னப் பிள்ளைகளுக்கும், நீண்ட நேரம் பிடிக்கும் சிகிச்சைக்கும் இது சரிவராது. பல் பிடுங்கும்போது மரப்பு ஊசி ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் அதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள்; ஸ்ப்ரேயும் அதே வகை மருந்துதான்.