கொடையாளர் செல் சிகிச்சை: ரத்தம் ஏற்றுவது போல் அல்ல

எலும்பு மஜ்ஜை மாற்றுக்குப் பின் ரத்தப் புற்றுநோய் திரும்பாமலிருக்கவோ, திரும்பியதை ஒடுக்கவோ, மஜ்ஜை தந்த அதே கொடையாளரின் லிம்போசைட்டுகளை, அதாவது நோயை எதிர்க்கும் ஒருவகை வெள்ளணுக்களை, நோயாளிக்குச் செலுத்தும் சிகிச்சையை மருத்துவர்கள் டி.எல்.ஐ. (டோனர் லிம்போசைட் இன்ஃபியூஷன்) என்பார்கள். நோய் திரும்பிய மூன்று நாள்பட்ட மைலாய்டு லுகேமியா (மெதுவாக வளரும் ஒருவகை ரத்தப் புற்றுநோய்) நோயாளிகளுக்கு இது பலனளித்ததை, ஜெர்மனியின் மியூனிக் நகரைச் சேர்ந்த கோல்ப் குழுவினர் 1990-ல் வெளியிட்டனர். பார்வைக்குச் சிறு ரத்தப் பை போலிருப்பதால், இதையும் சாதாரண ரத்தமாகவே நடத்திவிடுவதுதான் முதல் தவறு.

மாற்று செய்துகொண்டவருக்கு ஏற்றும் ரத்தத்தில் உள்ள அந்நிய டி செல்கள் (லிம்போசைட்டுகளில் ஒரு வகை) அவர் உடலைத் தாக்காதிருக்க, அதை 25 கிரே (கதிர்வீச்சின் அலகு) அளவு கதிர்வீச்சுக்கு உட்படுத்துவது வழக்கம். டி.எல்.ஐ.யிலோ அந்த டி செல்களே மருந்து. பழக்க வேகத்தில் ரத்த வங்கி இந்தப் பைக்கும் கதிர்வீச்சு கொடுத்துவிட்டாலோ, வெள்ளணுக்களைப் பிடித்துவைக்கும் ஃபில்டர் வழியே ஏற்றிவிட்டாலோ, கொடையாளர் மணிக்கணக்கில் அமர்ந்து தந்த செல்கள் வீணாகும்.

அளவிலும் அவசரம் ஆகாது. தடுப்புக்காகத் தரும்போது, முழுப் பொருத்தமுள்ள உடன்பிறந்தவரின் செல்கள் என்றால், உடல் எடையில் கிலோவுக்கு 10 லட்சம் டி செல்கள் என்ற அளவில் தொடங்கி, வாரக்கணக்கில் இடைவெளி விட்டுப் படிப்படியாகக் கூட்டுவதுண்டு. பெற்றோரோ பிள்ளையோ போன்ற பாதிப் பொருத்தக் கொடையாளர் எனில் இன்னும் வெகுவாகக் குறைப்பார்கள். எடுத்த எடுப்பில் கூடுதலாகக் கொடுத்தால், கொடையாளர் செல்கள் தோல், குடல், கல்லீரலைத் தாக்கும் ஜி.வி.எச்.டி. கடுமையாகலாம். அது ஏற்கெனவே இருக்கையில் டி.எல்.ஐ. தருவதும், சைக்ளோஸ்போரின் போன்ற எதிர்ப்பாற்றல் அடக்கும் மருந்தை நிறுத்தாமல் தருவதும் பொதுவாகத் தவிர்க்கப்படுகின்றன.

மறுபுறம், நோய் முழுதாகத் திரும்பும்வரை காத்திருப்பதும் பிழையே. வேகமாக வளரும் வகையான தீவிர லுகேமியா பெருகியபின் இச்செல்கள் மட்டும் பெரும்பாலும் ஈடுகொடுப்பதில்லை. ஆகவே, உடலில் எஞ்சியிருக்கும் புற்றுச் செல்களையும் கொடையாளர் செல்களின் விகிதத்தையும் காட்டும் பரிசோதனைகளைத் தள்ளிப்போடக் கூடாது.

செலுத்திய சில நாளில் மாற்றம் தெரியவில்லை என்று சோர்வதற்கில்லை. பலன் தெரிய இரண்டு மூன்று மாதங்களாகலாம், பக்கவிளைவும் அப்படித்தான் தாமதமாக வரும். அப்போது தோலில் தடிப்போ வயிற்றுப்போக்கோ மஞ்சள் காமாலையோ வந்தால், “செல்கள் வேலை செய்கின்றன” என்று மகிழ்ந்து மறைப்பதும், வீட்டிலிருக்கும் ஸ்டீராய்டு மாத்திரையைத் தாமாக விழுங்குவதும் ஒரே அளவு ஆபத்தானவை, முன்னது ஜி.வி.எச்.டி.யை முற்றவிடும், பின்னது புற்றுநோயோடு போரிடும் செல்களையே முடக்கும்.