திட்டம் போடாமல் படம் எடுக்கப் பழகுங்கள்

திருநெல்வேலிப் பக்கம் இருக்கும் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் குளத்தையே பார்த்து நிற்கிறார்கள், ஆனால் மஞ்சள் மூக்கு நாரை ஊருக்குள் இருக்கும் மரங்களிலும் கூடு கட்டும், அதனால் முதுகுப் பக்கமும் ஒரு கண் இருக்கட்டும். சட்டென்று பறக்கும்போது பொத்தானைத் தேட நேரம் கிடைக்காது. கேமராவில் லென்ஸ் திறப்பை எஃப் 8, ஒளியுணர்வை ஆட்டோ ஐஎஸ்ஓ, ஷட்டர் வேகத்தை 1/1000 நொடி என்று முன்பே வைத்துவிடுங்கள்.

சரி, பறவையே வரவில்லையா? தாமிரபரணிக்குப் போங்கள். குறுக்குத்துறையில் முருகன் கோயிலை எடுக்கக் குனிந்திருந்தேன், பக்கத்தில் துவைத்துக்கொண்டிருந்த ஆச்சி சேலையை ஓங்கி உதறினார், தெறித்த துளி அத்தனையும் வெயிலில் மின்னியது, கோயிலை விட்டுவிட்டு அந்தத் துளிகளைத்தான் எடுத்தேன். அப்புறம் ஆச்சியிடம் காட்டி, வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். கட்டாயம் கேளுங்கள்.

சாரல் அடித்தால் உடனே பையை மூடாதீர்கள். லென்ஸ் துடைக்க உலர்ந்த துணி ஒன்று போதும்.