ஊர் 'குவயற்'றா, 'சைலன்ற்'றா?

சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறேன். 'என்னுடைய கிராமம்' கட்டுரையில் வருடாவருடம் ஒரு வசனம் வரும்: 'மை வில்லேஜ் இஸ் சைலன்ற் (silent)'. அமைதியான ஊர் என்றுதான் பிள்ளை சொல்ல வருகிறது. வாசிப்பவருக்கோ ஆட்களே இல்லாத ஊர்தான் தெரியும்.

'சைலன்ற்' என்றால் சத்தம் அறவே இல்லை. 'குவயற்' (quiet) என்றால் இரைச்சல் இல்லை, அவ்வளவுதான். கிளிநொச்சிப் பக்கத்து அக்கராயனில் விடியப்புறம் நின்று பாருங்கள். குளக்கட்டுப் பக்கம் மயில் அகவும், தூரத்தில் ஒரு லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் போகும், கிணற்றடியில் யாரோ வாளி வைக்கும் சத்தம் கேட்கும். இவ்வளவு கேட்டாலும் ஊர் 'குவயற்'தான். போர் முடிந்து 2010இல் நாங்கள் மீளக்குடியேற வந்தபோது சேவல் கூவவில்லை, நாய் குரைக்கவில்லை. அன்றைக்கு எழுதியிருந்தால் 'சைலன்ற்' சரியான சொல். வன்னிப் பிள்ளைகளுக்கு இப்படித்தான் விளங்கப்படுத்துவேன். பிறகு மாறி எழுத மாட்டார்கள்.

அடுத்தது, 'கீப் சைலன்ஸ்'. வகுப்பில் ஆசிரியர்களே இப்படிச் சொல்கிறோம். 'பீ குவயற்', 'கீப் குவயற்' என்பதுதான் இன்றைய வழக்கு. 'சைலன்ஸ்' பெயர்ச்சொல். மே 18இல் போரில் இறந்தவர்களை நினைத்து முள்ளிவாய்க்காலில் தலைகுனிந்து நிற்கிறோமே, அந்த மௌன அஞ்சலிக்கு 'அப்சேர்வ் சைலன்ஸ்' என்று எழுத வேண்டும். அங்கே 'குவயற்' பொருந்தாது.

'குவயற்' எழுதும்போது கடைசி இரண்டு எழுத்தும் இடம் மாறினால் 'குவைற்' (quite) ஆகிவிடும், பொருளே வேறு. அதையும் கவனியுங்கள்.

முல்லைத்தீவுக் கடல் அலையடங்கிக் கிடந்தால் 'காம்' (calm). பதறாத மனமும் 'காம்'தான். அதில் 'எல்' எழுத்தை உச்சரிக்கக் கூடாது. காற்றில்லாத நேரம் இரணைமடுக் குளத்துத் தண்ணீர் அசையாமல் நிற்பது 'ஸ்ரில்' (still).

'டம்' (dumb) என்ற சொல்லில்தான் எனக்கு மனம் பொறுப்பதில்லை. பழைய அகராதியில் 'ஊமை' என்று போட்டிருக்கும். இன்றைய பேச்சில் முட்டாள் என்ற பொருளே முந்தி வரும். ஷெல் சத்தத்தில் காது போனவர்களும் பேச்சு வராத பிள்ளைகளும் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களை 'டெஃப் அன்ட் டம்' என்று எழுதினால் சிவப்புப் பேனையால் வெட்டிவிடுவேன். காது கேளாதவருக்கு 'டெஃப்' போதும். பேச இயலாதவரை 'கனொற் ஸ்பீக்' என்று எழுதுங்கள். 'மியூற்' (mute) என்ற சொல்லை ரீவிக்கும் போனுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.