கேமரா புக்கிங்கை கேன்சல் செய்தாயிற்று, அட்வான்ஸை எப்படி வாங்குவது?

"அடுத்த வாரம் வந்துரும் தம்பி." நாலு மாதத்தில் பதினோரு முறை கேட்ட வாக்கியம் இது. முதல் ஆறு முறை கேமராவைப் பற்றி. மீதி ஐந்து முறை, எனக்குக் கேமராவே வேண்டாம் என்று சொன்ன பிறகு, நான் கொடுத்திருந்த 25,000 ரூபாய் அட்வான்ஸைப் பற்றி.

அந்தக் கடைக்காரர் ஒருநாளும் "தரமாட்டேன்" என்று சொல்லவில்லை. சிக்கலே அதுதான். தரமாட்டேன் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே புகார் எழுதியிருப்பேன். "அடுத்த வாரம்" என்று சிரித்த முகத்தோடு, டீ வாங்கிக் கொடுத்துச் சொல்பவரிடம் எப்படிச் சண்டை போடுவது? சண்டை போடாமலேயே பணத்தை வாங்கினேன். செய்த வேலை ஒன்றே ஒன்று: அவர் வாயால் சொன்ன ஒவ்வொரு "அடுத்த வார"த்தையும் தேதி போட்ட எழுத்தாக மாற்றினேன். அதைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன். இந்தியாவில், கடையிலோ இணையத்திலோ புக் செய்தவர்களுக்கானது இது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேமரா தாமதமாவது எப்போதும் கடைக்காரரின் ஏமாற்று வேலை இல்லை. 2024 பிப்ரவரி 20 அன்று ஃபியூஜிஃபிலிம் எக்ஸ்100விஐ அறிவிக்கப்பட்டபோது உலகம் முழுக்க முன்பதிவு குவிந்து, பலர் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். அப்படிப்பட்ட கேமராவில் தனக்கு எத்தனை வரும், எப்போது வரும் என்பது கடைக்காரருக்கே தெரியாது. தாமதத்தை மன்னிக்கலாம். கேன்சல் செய்த பிறகும் பணத்தைப் பிடித்து வைத்திருப்பது வேறு விஷயம்.

படி 1: ரசீதை எடுத்துப் படியுங்கள்

கடைக்குப் போன் செய்வதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். ரசீதில் மூன்று விஷயம் தேட வேண்டும்.

முதலாவது, கொடுத்த பணத்துக்கு என்ன பெயர் போட்டிருக்கிறார்கள்? வெறும் "அட்வான்ஸ்" என்றால் அது விலையின் ஒரு பகுதியை முன்கூட்டியே கொடுத்தது. பொருள் கைமாறவில்லை என்றால் பணம் திரும்ப வேண்டும் என்பதே பொதுவான நிலை. "வாங்காவிட்டால் இந்தத் தொகை பறிமுதல்" என்று தெளிவாக எழுதி, நீங்களும் கையெழுத்துப் போட்டிருந்தால் அது உறுதித் தொகை, அதாவது வாங்குவேன் என்பதற்கு ஈடாகக் கொடுத்த பணம் ஆகிறது. அப்போது வாதம் கொஞ்சம் கடினம். ஆனால் முடிந்துபோன கதை இல்லை. அதைப் படி 3-இல் பார்ப்போம்.

இரண்டாவது, டெலிவரி தேதி ஏதாவது எழுதியிருக்கிறதா? "6 வாரத்தில்" என்று ஒரு வரி இருந்தால் போதும், அது தங்கம். ரசீதில் இல்லாவிட்டால் வாட்ஸ்அப்பில் தேடுங்கள். என் விஷயத்தில் கடையின் எண்ணிலிருந்து "ஜூன் 2வது வாரம் ஷ்யூர் சார்" என்று வந்த ஒரு பழைய மெசேஜ்தான் கடைசியில் கைகொடுத்தது.

மூன்றாவது, பணம் எப்படிப் போனது? யுபிஐ, கார்டு, இஎம்ஐ, ரொக்கம். ஒவ்வொன்றுக்கும் திரும்பி வரும் பாதை வேறு.

ரசீதே இல்லையா? பதறாதீர்கள். ஜிஎஸ்டி பதிவு உள்ள வியாபாரி அட்வான்ஸ் வாங்கினால் ரிசீட் வவுச்சர் (அட்வான்ஸுக்கான ரசீது) கொடுக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மத்திய ஜிஎஸ்டி சட்டம், பிரிவு 31 சொல்கிறது. "அண்ணே, அட்வான்ஸுக்கு ரிசீட் வவுச்சர் தரலையே" என்று பணிவாகக் கேட்டாலே பேச்சின் தொனி மாறுவதைப் பார்க்கலாம்.

படி 2: கேன்சலை எழுத்தில் சொல்லுங்கள்

போனில் கேன்சல் செய்தால் அது கேன்சல் ஆகவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். நான் முதலில் போனில்தான் சொன்னேன். மூன்று வாரம் கழித்து, "நீங்க கேன்சல் பண்ணதா யாரும் சொல்லலையே" என்றார் கல்லாவில் இருந்தவர்.

ஈமெயிலும் வாட்ஸ்அப்பும் இரண்டிலும் அனுப்புங்கள். நீளமாக எழுத வேண்டாம், கோபத்தைக் கொட்டவும் வேண்டாம். நான் அனுப்பியது ஏறக்குறைய இப்படி:

"வணக்கம். மார்ச் 4 அன்று உங்கள் கடையில் கேமரா முன்பதிவு செய்து ரூ.25,000 அட்வான்ஸ் யுபிஐ மூலம் செலுத்தினேன் (ரசீது இணைப்பில்). ஜூன் 2வது வாரம் தருவதாகச் சொன்னீர்கள். இன்று ஜூலை 10 வரை கேமரா வரவில்லை. ஆகவே இந்த முன்பதிவை இன்று ரத்து செய்கிறேன். முழுத் தொகையையும் பணம் வந்த அதே கணக்குக்கு ஜூலை 25க்குள் திருப்பி அனுப்பவும். அனுப்பியதும் யுடிஆர் எண்ணை (வங்கிப் பரிவர்த்தனை எண்) தெரிவிக்கவும்."

இதில் நான்கு தேதிகள் இருப்பதைக் கவனியுங்கள்: கொடுத்தது, தருவதாகச் சொன்னது, ரத்து செய்தது, பணம் வர வேண்டியது. பின்னால் யாரிடம் புகார் கொடுத்தாலும் கேட்கப்போவது இவற்றைத்தான். மனம் மாறியதால் கேன்சல் செய்கிறீர்கள் என்றால் அதையும் நேராகவே எழுதுங்கள். பொய்க் காரணம் எழுதினால் பின்னால் அதுவே காலை வாரும்.

அப்புறம், கடைக்காரர் போனில் ஏதாவது வாக்குக் கொடுத்தால் போனை வைத்த கையோடு ஒரு மெசேஜ்: "அண்ணே, இப்ப பேசினபடி 18ஆம் தேதி அனுப்பிடுறதா சொன்னீங்க, நன்றி." அவர் பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை. உங்கள் பக்கம் பதிவாகிவிட்டது.

படி 3: கடையில் சொல்லும் காரணங்களுக்குப் பதில்

இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் சோர்ந்து திரும்பிவிடுகிறார்கள். எனக்குச் சொன்னதும், நண்பர்களுக்குச் சொன்னதும் இவை.

"அட்வான்ஸுக்கு ஜிஎஸ்டி கட்டியாச்சு, அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் தர முடியும்." கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் 2017 நவம்பர் 15 முதல், பொருள் விற்பனைக்கு வாங்கும் அட்வான்ஸின் மீது, காம்போசிஷன் திட்டத்தில் (சிறு வியாபாரிகளுக்கான எளிய வரித் திட்டம்) இல்லாத வியாபாரிகள், வாங்கும்போதே ஜிஎஸ்டி கட்டத் தேவையில்லை. பில் போடும்போதுதான் வரி. சேவைக்கு வாங்கும் அட்வான்ஸுக்குத்தான் முன்கூட்டியே வரி. கேமரா சேவை இல்லை. பில்லே போடாத கேமராவுக்கு என்ன வரி? அட்வான்ஸைத் திருப்பும்போது ரீஃபண்ட் வவுச்சர் போடவும் அதே பிரிவு 31இல் இடம் இருக்கிறது.

"பணத்தைக் கம்பெனிக்கு அனுப்பிட்டோம், அங்கிருந்து வரணும்." ரசீது யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தான் நீங்கள் பணம் கொடுத்தீர்கள். அவருக்கும் கம்பெனிக்கும் உள்ள கணக்கு அவர்கள் பாடு.

"பணமா வேண்டாம், கிரெடிட் நோட் தர்றோம், லென்ஸ் எடுத்துக்கோங்க." உண்மையிலேயே லென்ஸ் தேவையென்றால் எடுங்கள். இல்லையென்றால் "வேண்டாம், பணமாகவே தாருங்கள்" என்று எழுத்தில் மறுங்கள். கிரெடிட் நோட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டால், நீங்களே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்.

"அட்வான்ஸ் திருப்பித் தரப்படாது, ரசீதுல போட்டிருக்கு." இதுதான் கனமான பதில். கடை சொன்ன தேதி தாண்டிவிட்டதென்றால் இந்த வரிக்கு வலு குறைவு. வாக்குத் தவறியது அவர்கள்தானே. நீங்களாக மனம் மாறியிருந்தால், 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 74ஐப் பாருங்கள். ஒப்பந்தத்தில் ஒரு தொகை எழுதியிருந்தாலும், அந்தத் தொகைக்கு மேல் போகாமல் நியாயமான இழப்பீடு மட்டுமே கேட்கலாம் என்கிறது அது. 2015இல் கைலாஷ் நாத் அசோசியேட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமும், நஷ்டம் ஏற்பட்டிருந்தால்தான் இந்தப் பிரிவின்கீழ் இழப்பீடு என்று சொல்லியிருக்கிறது.

இப்போது கேமராவுக்கு வாருங்கள். ஆள் வரிசையில் நிற்கும் மாடல் அது. நீங்கள் விலகினால் அடுத்தவர் அதே விலைக்கு எடுத்துக்கொள்வார். கடைக்கு என்ன நஷ்டம்? நான் கேட்டது இந்த ஒரு கேள்விதான்: "அண்ணே, எனக்குப் பின்னாடி எத்தனை பேர் வெயிட்டிங்?" பெருமையாக ஒரு எண்ணைச் சொன்னார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. இதற்கு மாறாக, உங்களுக்காகவே வரவழைத்த, வேறு யாரும் சீந்தாத ஓர் அபூர்வ லென்ஸ் என்றால் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது நியாயம்.

இணையக் கடை என்றால் இன்னொரு பிடி உண்டு. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, அவர்கள் தாங்களாக ஆர்டரை ரத்து செய்தால் அதே மாதிரிக் கட்டணத்தைத் தாங்களும் ஏற்றால்தான் உங்களிடம் கேன்சல் கட்டணம் பிடிக்கலாம். குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அந்த அதிகாரியின் பெயரும் தொடர்பு விவரமும் தளத்திலேயே போட்டிருக்க வேண்டும். பொதுவாகப் பக்கத்தின் அடியில் கண்ணில் படாத அளவு எழுத்தில் இருக்கும்.

படி 4: பணம் வரும் பாதையைக் கண்காணியுங்கள்

"அனுப்பிட்டோம் சார், பேங்க்ல கேளுங்க" என்பார்கள். எண் இல்லாமல் வங்கியில் கேட்டால் பதில் கிடைக்காது. யுபிஐ என்றால் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணையும், கார்டு என்றால் ரீஃபண்டைத் தேட உதவும் 23 இலக்க ஏஆர்என் எண்ணையும் கேட்டு வாங்குங்கள். எண் தர முடியவில்லை என்றால் பெரும்பாலும் அனுப்பவில்லை என்று அர்த்தம்.

ரிசர்வ் வங்கி நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு வைத்திருக்கிறதே, அதைக் கேட்கலாமா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். அது பணம் பிடித்தும் பரிவர்த்தனை தோற்றுப்போன நேரத்துக்கானது. கடை தர வேண்டிய ரீஃபண்டுக்குப் பொருந்தாது.

கார்டில் கட்டியவர்களுக்கு ஒரு கூடுதல் வசதி: சார்ஜ்பேக். கேன்சல் செய்தும் பணம் வரவில்லை என்று கார்டு கொடுத்த வங்கியில் தகராறு பதியலாம். இதற்குக் காலக்கெடு உண்டு என்பதால், கடையின் "அடுத்த வார"ங்களில் நாளை ஓட்டிவிடாமல் சீக்கிரமே வங்கியைக் கேளுங்கள். படி 2-இல் எழுதிய மெசேஜ்தான் ஆதாரம்.

இஎம்ஐ போட்டிருந்தால், பணம் திரும்பியதும் வங்கிக்குச் சொல்லி இஎம்ஐயை மூடச் சொல்லுங்கள். தானாக மூடிவிடும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். அதுவரை போன வட்டி பெரும்பாலும் போனதுதான்.

படி 5: 1915

கெடு முடிந்தும் பணம் வரவில்லையா? சரி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். அவர்களுடைய இணையதளத்திலும் பதியலாம், கட்டணம் கிடையாது. அவர்கள் நீதிமன்றம் இல்லை, உத்தரவு போட முடியாது. புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். பெரிய நிறுவனங்கள் இதற்கு ஓரளவு மதிப்புக் கொடுக்கின்றன. சின்னக் கடைகள் கண்டுகொள்ளாமல் போகவும் கூடும். எனக்கு அந்தப் புகார் எண்ணைக் கடைக்கு வாட்ஸ்அப் செய்ததே போதுமானதாக இருந்தது. கெடு வைத்த ஜூலை 25 தாண்டி எட்டாவது நாள் 20,000 வந்தது. மீதி 5,000க்கு இன்னும் ஒரு வாரம், இன்னும் இரண்டு மெசேஜ்.

இந்தக் கட்டத்தில் ஒரு ஆபத்து இருக்கிறது. கூகுளில் "கஸ்டமர் கேர்" எண் தேடி அழைத்து மோசடிக்காரர்களிடம் மாட்டுகிறார்கள். ரீஃபண்ட் வாங்க யுபிஐ பின் போடத் தேவையே இல்லை. பின் கேட்டால், கியூஆர் ஸ்கேன் செய்யச் சொன்னால், ஏதாவது ஆப் இறக்கச் சொன்னால் போனை வையுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930.

படி 6: மாவட்ட நுகர்வோர் ஆணையம்

இதுவரை வருவோர் குறைவு. முதலில் 15 நாள் கெடு வைத்து ஒரு நோட்டீஸை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். வக்கீல் வைத்துத்தான் அனுப்ப வேண்டும் என்பதில்லை. அப்புறம் நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் புகார் பதியலாம். பொருளுக்காகக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. கடை வேறு ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே பதியலாம், நீங்களே வாதாடலாம். தகராறு பிறந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் பதிய வேண்டும். 3 மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் இழுக்கும் என்று மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

கல்யாண போட்டோகிராபர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வணிக நோக்கத்தில் வாங்கியவர் "நுகர்வோர்" ஆகமாட்டார். ஆனால் சொந்தப் பிழைப்புக்காக, சுயதொழிலாகப் பயன்படுத்த வாங்கியிருந்தால் விலக்கு உண்டு. பத்துப் பேரை வேலைக்கு வைத்து ஸ்டுடியோ பெயரில் ஐந்து கேமரா புக் செய்தவருக்கு இந்தக் கதவு திறப்பது கடினம். தனியாளாகப் படம் எடுத்துக் குடும்பம் நடத்துபவருக்குத் திறக்கும். புகாரில் அதை ஒரு வரி எழுதிவிடுங்கள்.

பணம் வந்ததும்

தொகை முழுதாக வந்ததா என்று ஸ்டேட்மெண்டில் பாருங்கள், கடை அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் அல்ல. "கணக்குத் தீர்ந்தது" என்று கடையில் கையெழுத்துக் கேட்டால், பணம் கணக்கில் ஏறிய பிறகு மட்டும் போடுங்கள். 1915இல் பதிந்த புகாரையும் முடித்துவிடுங்கள். என்னுடையதை முடித்த அன்று மாலையே கடையிலிருந்து போன்: "தம்பி, ஒரு பீஸ் வந்திருக்கு, வேணுமா?"