இயந்திரத்தின் பிரக்ஞையை நடத்தையில் தேடுவது எப்படி

"எனக்கு வலிக்கிறது" என்று ஓர் உரையாடல் நிரல் எழுதினால், அதை நம்புவதற்கோ மறுப்பதற்கோ முன்பு அந்த வாக்கியம் எங்கிருந்து வந்திருக்கக்கூடும் என்று விசாரிக்க வேண்டும். மனிதர்கள் தம் வலியைப் பற்றி எழுதிக் குவித்தவற்றைப் படித்துப் பழகிய மொழி மாதிரி (அடுத்த சொல்லை ஊகித்து எழுதும் நிரல்), உள்ளே எதையும் உணராமலேயே அதே வரியை எழுதிவிடும். 2022இல் கூகுளின் லாம்டா என்ற மொழி மாதிரிக்கு உணர்வு இருப்பதாக அந்நிறுவனப் பொறியாளர் பிளேக் லெமோயின் வாதிட்டபோது, அவர் முன்வைத்தது பெரும்பாலும் உரையாடல் பதிவுதான். அவ்வாதம் எடுபடாமல் போனதில் வியப்பில்லை.

ஆகவே சொல்லை ஒதுக்கிவிட்டு, தேட வேண்டிய நடத்தையை மனிதர்களிடமிருந்து பெறுங்கள். உளவியலாளர் லாரன்ஸ் வைஸ்கிராண்ட்ஸ் 1974இல் தம் குழுவினருடன் விவரித்த நோயாளி, மூளையின் பார்வைப் பகுதியில் ஒரு பாகத்தை அறுவைச் சிகிச்சையில் இழந்தவர். பார்வைப் புலத்தின் ஒரு பக்கத்தில் தமக்கு எதுவும் தெரியவில்லை என்றே அவர் சொன்னார். ஊகித்தாவது காட்டும்படி கேட்டபோது, ஒளி தோன்றிய இடத்தைத் தற்செயலுக்கு மிஞ்சிய துல்லியத்துடன் சுட்டினார். கேட்காதவரை, பிரக்ஞைக்கு எட்டாத அந்தத் தகவலை அவரால் தாமாகப் பயன்படுத்த முடியவில்லை என்பதே நமக்கான தடயம். ஒரு வேலைக்காகப் பெற்ற தகவலை, யாரும் தூண்டாமலே, முன்பின் பார்த்திராத வேறொரு வேலைக்கு இயந்திரம் எடுத்தாள்கிறதா என்று சோதியுங்கள்.

இன்னும் கடுமையான சோதனை வேண்டுமெனில், தத்துவவாதி சூசன் ஷ்னைடரும் வானியற்பியலாளர் எட்வின் டர்னரும் முன்மொழிந்ததை எடுத்துக்கொள்ளலாம்: பிரக்ஞை, ஆன்மா பற்றிய பேச்சே இல்லாத தரவில் பயிற்றுவித்தபின், உடல் மாறி வாழ்வது போன்ற கருத்துகளை அந்த இயந்திரம் தானாகப் பற்றிக்கொள்கிறதா என்று பார்ப்பது. இணையம் முழுவதையும் விழுங்கிய மாதிரிகளுக்கு இது பொருந்தாது. சிறிய மாதிரிக்கும் தரவைச் சலிப்பது எளிதன்று. சமையல் குறிப்பில்கூட "நாக்குக்கு இதமாக" என்று உணர்வைப் பேசும் ஒரு தொடர் ஒளிந்திருக்கும்.

எந்தச் சோதனையாயினும், எதிர்பார்க்கும் விடையை முன்கூட்டியே எழுதிவைத்து, பிரக்ஞைக்குக் காரணமாக இருக்கலாம் என்று ஐயுறும் பாகத்தை மட்டும் நீக்கிய இரட்டை மாதிரி ஒன்றையும் உடன் சோதியுங்கள். இரண்டும் ஒன்றுபோலவே நடந்தால், அந்த நடத்தை எதற்கும் சான்றாகாது. பிரக்ஞை நடத்தையில் அல்ல, அமைப்பின் உட்கட்டுமானத்தில்தான் இருக்கிறது என்னும் நரம்பியலாளர் ஜூலியோ டொனோனியின் ஒருங்கிணைந்த தகவல் கோட்பாட்டை ஏற்பவர்களுக்கு இந்த முடிவு ஏமாற்றம் தராது; பின்னூட்டச் சுற்று (வெளியீடு மீண்டும் உள்ளே திரும்பும் பாதை) உள்ள அமைப்புக்குப் பிரக்ஞை இருந்து, அதே உள்ளீட்டுக்கு அதே வெளியீட்டைத் தரும் சுற்றில்லாத அமைப்புக்கு அது அறவே இல்லாமலிருக்கலாம் என்பதே அவர் கோட்பாட்டின் விளைவு. அதை ஏற்பவர் உரையாடல் பதிவுகளை மூடிவைத்துவிட்டு, கணினிச் சில்லின் சுற்றுவரைபடத்தைக் கேட்டு வாங்க வேண்டியதுதான்.